நகரி மூக்கில் இருந்து எண்ணூர் வாய் வரைக்கும்

ஆபீஸ்ல பக்கத்து சீட்டு நண்பர் தேனிக்காரர். திங்கட்கிழமை ஆனா போதும், ஊர்ல இருந்து எடுத்துட்டு வந்த படத்தைக் காட்டி வயித்தெரிச்சலைக் கொட்டிக்குவார். மலை, அடிவாரத்துல கிராமம், கண்மாய், அதுக்கு மேல காடு. போன வாரம் "உங்க திருவொற்றியூர்ல இந்த மாதிரி என்னங்க இருக்கு?"ன்னு கேட்டுட்டார். ஆணி புடுங்குறதை நிறுத்திட்டு யோசிச்சேன். எங்க பக்கமும் மலை உண்டு சாமி! கொடுங்கையூர்ல 340 ஏக்கருக்கு மேல பரந்து கிடக்குற குப்பை மலை, அத்திப்பட்டு துறைமுகத்துப் பக்கம் கறுப்பா நிலக்கரி மலை, செப்பாக்கத்துல சாம்பல் மேடு. கலர் கலரா மூணு மலை. தேனியில ஒரே கலர்தான் :-)

ஆனா விளையாட்டை விட்டுட்டுப் பார்த்தா, வடசென்னைக்குன்னு நிஜமாவே ஒரு மலை இருக்கு. நம்ம ஊர்ல இல்லை, அவ்வளவுதான். அந்த மலையில பெய்யுற மழை எங்க ஊர்ல வந்துதான் கடல்ல கலக்குது. அந்த மலை, அதில் இருந்து வர்ற ஆறு, ஆத்தைச் சுத்தின குப்பங்கள், வடக்கே இருக்குற பெரிய ஏரி, பறவைகள் சரணாலயம் எல்லாத்தையும் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபி ஏதாவது எடுத்துட்டு வந்துடுங்க.

மலையோட பேரு நகரி. ஆந்திராவுல இருக்கு (நடிகை ரோஜா எம்.எல்.ஏ.வா இருந்தாங்களே, அதே நகரிதான்). அந்த மலைத்தொடரோட ஒரு முனை, கடல்ல இருந்து பார்த்தா ஒரு ஆள் மல்லாந்து படுத்திருக்க மூக்கு மட்டும் தூக்கிட்டு நிக்கிற மாதிரி தெரியும். வெள்ளைக்கார மாலுமிகள் அதுக்கு 'நகரி நோஸ்'னு பேர் வெச்சு, தங்களோட கடல் வரைபடங்களிலும் வழிகாட்டி நூல்களிலும் குறிச்சு வெச்சாங்க. கலங்கரை விளக்கத்தை நம்பி மட்டும் கப்பல் ஓட்ட முடியாத காலம். பழவேற்காடு, சென்னைக் கரையெல்லாம் தட்டையான மணல். எது எந்த ஊருன்னு கண்டுபிடிக்க முடியாது. பகல்ல, வானம் தெளிவா இருந்தா, மேற்கே அந்த மூக்கு தெரியும். அதை வெச்சு இடத்தைக் கணக்குப் போட்டுக்குவாங்க. ஜி.பி.எஸ். இல்லாத காலத்து ஜி.பி.எஸ்.

(சென்னைக்குள்ளேயே நரிமேடுன்னு ஒரு மேடு இருந்தது, கோட்டைக்கு மேற்கே. எதிரி அதுமேல பீரங்கியை ஏத்திட்டா கோட்டை காலின்னு பயந்து 18-ஆம் நூற்றாண்டில் கம்பெனிக்காரங்க அதை வெட்டிச் சமமாக்கிட்டாங்க. மலை மேல நமக்கு இருக்குற கோவம் இன்னிக்கு நேத்து வந்தது இல்லைன்னு சொல்றதுக்காக இந்தத் தகவல்.)

நகரிப் பக்கம் இருந்து நகரி ஆறு, நந்தி ஆறுன்னு ரெண்டு ஆறு இறங்கி வந்து கொசஸ்தலை ஆத்துல சேருது. கொசஸ்தலை சுமார் 136 கிலோமீட்டர் ஓடி எண்ணூர்ல கடலைத் தொடுது. கூவம், அடையாறுன்னா எல்லாருக்கும் தெரியும். சென்னையோட மூணு ஆத்துல பெரியது இந்தக் கொசஸ்தலைதான். ஆனா இதோட பேரைச் சொன்னா ஓ.எம்.ஆர். பக்கம் பாதிப் பேரு "அது எங்கே ஓடுது?"ன்னு கேட்பாங்க. அவங்க வீட்டுக் குழாயில வர்ற தண்ணியில இந்த ஆத்தோட பங்கும் உண்டு. 1944-ல பூண்டியில அணை கட்டி (சத்தியமூர்த்தி சாகர்) ஆத்தை மறிச்சாச்சு. அங்கிருந்து கால்வாய் வழியா செங்குன்றம் ஏரி, அங்கிருந்து நகரம். பூண்டிக்குக் கீழே தாமரைப்பாக்கத்துல இன்னொரு தடுப்பணை, அது சோழவரத்துக்கு. ஆக, நல்ல தண்ணியெல்லாம் மேலேயே பிரிஞ்சு போயிடும். வெள்ளம் வந்து ஷட்டரைத் திறந்தா மட்டும் எங்க ஊருக்கு வரும். நல்லது கெட்டதுல கெட்டதுக்கு மட்டும் கூப்பிடுற சொந்தக்காரங்க மாதிரி.

ஆத்துத் தண்ணியோட நிக்கலை. 1960-களின் கடைசியில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கமெல்லாம் ஆழ்துளைக் கிணறு போட்டு நிலத்தடி நீரையும் சென்னைக்கு எடுக்க ஆரம்பிச்சாங்க. கடலோர மணல் மேடுகளுக்குக் கீழே இருக்குற நல்ல தண்ணி, கடல் நீரைத் தள்ளி நிறுத்துற ஒரு சுவர் மாதிரி. அதை உறிஞ்ச உறிஞ்ச உப்புத் தண்ணி உள்ளே வரும். வந்தது. மீஞ்சூர்ல கடல்ல இருந்து பல கிலோமீட்டர் உள்ளே வரைக்கும் கிணறு உப்பாச்சு. இப்போ கிளைமாக்ஸ்: 2010-ல அதே பக்கத்துக் காட்டுப்பள்ளியில, கடல் தண்ணியில இருந்து உப்பைப் பிரிச்சு நாளைக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்குற ஆலையைத் திறந்தாங்க. தண்ணியை எடுத்து உப்பை உள்ளே விட்டு, அப்புறம் காசு செலவு பண்ணி உப்பை வெளியே எடுக்குறோம். நம்ம ப்ராஜெக்ட்ல ஒரு பக்கை சரி பண்ண இன்னொரு பக்கை விடுவோமே, அதேதான்.

சரி, முகத்துவாரத்துக்கு வருவோம். எண்ணூர்ல ஆறும் கடலும் சந்திக்கிற இடம் ஆறும் இல்லை, கடலும் இல்லை. ஏத்தம் வந்தா உப்புத் தண்ணி உள்ளே வரும், வத்தம் வந்தா வெளியே போகும். மழைக்காலத்துல நல்ல தண்ணி கலக்கும். இந்தக் கலவைதான் இறாலுக்குத் தேவை. இறால் கடல்ல முட்டை போடும். குஞ்சுகள் ஏத்தத்தோட மிதந்து கழிமுகத்துக்குள்ள வந்து, சேத்துலயும் அலையாத்தி வேருக்கு நடுவுலயும் வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகும். அதாவது கழிமுகம் ஒரு குழந்தைகள் காப்பகம். முகத்துவாரம் மண் மூடினாலும் சரி, உள்ளே இருக்குற சேறு கெட்டுப்போனாலும் சரி, கழிமுகத்துல இறால் வளராது. வெளியே கடல்லயும் குறையும்.

காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் மூணும் இந்த ஆத்தை நம்பி இருக்குற ஊருங்க. நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், எண்ணூர்க்குப்பம் கடலை நம்பி இருக்கு. இருளர் மக்களும் இங்கே தொழில் பார்க்குறாங்க. அவங்களுக்கு வலை கிடையாது. இடுப்பளவுத் தண்ணியில இறங்கி, சேத்தைக் கையால தடவி இறாலைப் பிடிக்கிறாங்க. பிடிச்சதைப் போட பனையோலையில பின்னின பறி. ரெண்டு கையும் வேலையில இருக்குறதால பறியைப் பல்லால கடிச்சுக்குவாங்க. காலுக்கும் கைக்கும் தெரியுற ஆறு அது. கண்ணுக்குத் தெரியுறது அப்புறம்தான்.

எண்ணூருக்கு வடக்கே போனா பழவேற்காடு. சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவுலயே ரெண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி. பெரும்பகுதி ஆந்திராவுல, தெற்கு ஓரம் நம்ம திருவள்ளூர் மாவட்டத்துல. பக்கிங்ஹாம் கால்வாய் எண்ணூர்க் கழிமுகத்தையும் இந்த ஏரியையும் இணைக்குது. அதனால ரெண்டையும் தனித்தனியா பார்க்கவே கூடாதுங்கறது என் கட்சி.

சென்னைங்கற ஊரே வர்றதுக்கு முன்னாடி பழவேற்காடு உலக மேப்புல இருந்த ஊர். டச்சுக்காரங்க இங்கே 1613-ல கெல்டிரியா கோட்டையைக் கட்டினாங்க. சோழமண்டலக் கரையில அவங்க தலைமையிடம் 1690 வரைக்கும் இதுதான். அப்புறம்தான் நாகப்பட்டினத்துக்கு மாறினாங்க. இங்கிலீஷ்காரங்க சென்னையில 1640-ல கோட்டை கட்ட ஆரம்பிச்சபோது, இங்கே டச்சுக்காரங்க கால் ஊன்றி ஒரு தலைமுறை ஆகியிருந்தது. துணி போச்சு, வெடிமருந்து செஞ்சாங்க, அடிமைகளையும் கப்பல்ல ஏத்தினாங்க. இந்தக் கடைசி விஷயத்தை சுற்றுலாக் கட்டுரைகள் பெரும்பாலும் சொல்றதில்லை. கல்லறைத் தோட்டத்துல இருக்குற எலும்புக்கூடு சிற்பத்தைப் போட்டோ எடுத்துட்டு, மீன் சாப்பிட்டுட்டு வந்துடுறோம். கப்பல்ல ஏத்தப்பட்டவங்களுக்குக் கல்லறையும் இல்லை, சிற்பமும் இல்லை. கோட்டையை 1806-ல இங்கிலீஷ்காரங்க இடிச்சாங்க. 1825-ல ஊரே அவங்க கைக்கு வந்தது. இப்போ கோட்டை இருந்த இடத்துல புதரும் அகழியும்தான்.

எனக்கு டச்சுக்காரங்களை விட ஆச்சரியமா இருந்தது 'பாடு' முறை. பழவேற்காட்டு ஏரியில கோட்டைக்குப்பம், நடூர்மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் மூணு ஊருக்கும் இறால் பிடிக்க 'பாடு' உரிமை உண்டு. ஏரியில எந்த இடத்துல இறால் நிறைய கிடைக்கும், எங்கே கிடைக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும். அதனால சீட்டுக் குலுக்கிப் போட்டு, யாருக்கு எந்த இடம், எந்த நாள்னு முறை வெச்சுப் பிரிச்சுக்குவாங்க. நல்ல இடம் ஒருத்தருக்கே நிலையா கிடைக்காது, சுத்தி சுத்தி வரும். நாங்க காலேஜ்ல ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்துல 'ரவுண்ட் ராபின்'னு ஒண்ணு படிச்சோம். ஒரே சி.பி.யு.வைப் பத்து வேலைக்கு சண்டையில்லாம பகிர்ந்து கொடுக்குறது. அட, இதைத்தானே இவங்க ஏரியில பண்ணிட்டு இருக்காங்க! இந்த உரிமை இல்லாத ஊருங்களுக்கும் இவங்களுக்கும் உரசல் உண்டு, அதையும் சொல்லணும். எல்லாம் சொர்க்கம்னு கதை விட விருப்பமில்லை.

ஏரியோட தமிழ்நாட்டுப் பகுதியில சுமார் 153 சதுர கிலோமீட்டரை 1980-ல பறவைகள் சரணாலயமா அறிவிச்சாங்க. குளிர்காலத்துல பூநாரைங்க கூட்டம் கூட்டமா வரும். தூரத்துல இருந்து பார்த்தா தண்ணி மேல ரோஸ் கலர்ல கோடு போட்ட மாதிரி இருக்கும். ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல இருக்குற தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. 1971-ல இருந்து அங்கே ராக்கெட் விடுறாங்க. ராக்கெட் வர்றதுக்கு முன்னாடி அந்தத் தீவு சென்னைக்கு எதுக்குத் தெரியும்னு நினைக்கிறீங்க? விறகுக்கு!

விறகுன்னா கால்வாய். 1800-களின் தொடக்கத்துல பேசில் காக்ரேன்னு ஒருத்தர் சென்னையில இருந்து எண்ணூர் வரைக்கும் ஒரு கால்வாய் வெட்டினார், 1806-ல முடிஞ்சது. முதல்ல அதுக்குப் பேரு காக்ரேன் கால்வாய். 1837-ல அரசாங்கம் எடுத்துக்கிச்சு, வடக்கே தெற்கே நீட்டிட்டே போனாங்க. 1876–78 தாது வருஷப் பஞ்சத்துல, பஞ்ச நிவாரண வேலைன்னு ஜனங்களைக் கூலிக்கு வெச்சு நகரத்துக்குள்ள கூவத்தையும் அடையாத்தையும் இணைக்குற துண்டை வெட்டினாங்க. அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு, அவர் பேரை வெச்சாச்சு. பசியோட மண் சுமந்தவங்க பேரு எங்கேயும் இல்லை. வழக்கம்தானே.

வடக்கே இருந்து படகுல விறகு வந்தது, சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் வந்தது, முக்கியமா உப்பு வந்தது. எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர் சுத்தி எல்லாம் உப்பளம். சென்னை மாகாணத்துல 1805-லயே உப்பு கம்பெனியோட ஏகபோகம் ஆயிடுச்சு. பேசின் பிரிட்ஜ் பக்கம் 'சால்ட் கொட்டார்ஸ்'னு ஒரு ரயில்வே யார்டு இருக்கே, அது என்ன இங்கிலீஷ்னு சின்ன வயசுல குழம்பியிருக்கேன். அது நம்ம 'கொட்டாரம்'! உப்பைச் சேர்த்து வெச்ச கிடங்கு. துரைங்க வாயில கொட்டார்ஸ் ஆயிடுச்சு.

அந்தக் காலத்துல எண்ணூர் துரைங்களுக்கு வீக் எண்ட் ஸ்பாட். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கழிமுகம், நடுவுல பங்களா, படகு சவாரி. இன்னிக்கு நாம ஈ.சி.ஆர்.ல ரிசார்ட்டுக்குப் போற மாதிரி எண்ணூருக்குப் போயிருக்காங்க. நம்ப முடியுதா? எனக்கும் முடியலை.

எண்ணூர்க் கரையோட தலையெழுத்தை மாத்தினது எண்ணூர்ல நடந்த விஷயம் இல்லை. சென்னைத் துறைமுகம். 1870-களில் வேலை ஆரம்பிச்சு, 1881 புயல்ல உடைஞ்சு, மறுபடி கட்டினாங்க. நம்ம கரையில வருஷத்துல பெரும்பாலான மாசம் மணல் தெற்கே இருந்து வடக்கே நகரும். நடுவுல கடலுக்குள்ள ஒரு சுவரை நீட்டினா? சுவருக்குத் தெற்கே மணல் சேரும், வடக்கே அரிக்கும். தெற்கே சேர்ந்ததுதான் மெரினா இவ்வளவு அகலமா இருக்குறதுக்குக் காரணம். வடக்கே போனது ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரை. மெரினாவுல சுண்டல் சாப்பிடும்போது கால்ல ஒட்டுற மணல்ல எங்க ஊருக்கு வந்திருக்க வேண்டிய பங்கும் இருக்கு, ஞாபகம் வெச்சுக்குங்க :-) எங்களுக்குக் கிடைச்சது கருங்கல் கொட்டின கரை.

சுதந்திரத்துக்கு அப்புறம் வந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும், வேகமா சொல்லிடறேன். 1948-ல எண்ணூர்ல அசோக் மோட்டார்ஸ், திருவொற்றியூர்ல என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்., 1969-ல மணலி சுத்திகரிப்பு ஆலை, 1970-ல எண்ணூர் அனல்மின் நிலையம் (2017-ல மூடியாச்சு). இதுல எதையும் நான் குறை சொல்ல வரலை. எங்க தெருவுல பாதி வீடு இந்தக் கம்பெனிச் சம்பளத்துலதான் எழும்பினது, என் காலேஜ் ஃபீஸும் அப்படித்தான். ஆனா 1990-களுக்கு அப்புறம் நடந்தது வேற மாதிரி. 1994-ல வடசென்னை அனல்மின் நிலையம், 2001-ல எண்ணூர்த் துறைமுகம் (இப்போ காமராஜர் துறைமுகம்), 2012-க்கு அப்புறம் வல்லூர் அனல்மின் நிலையம், காட்டுப்பள்ளித் துறைமுகம். முன்னாடி கம்பெனிங்க கழிமுகத்துக்குப் பக்கத்துல வந்தது. இதுங்க கழிமுகத்துக்கு உள்ளேயே வந்துடுச்சு.

இங்கேதான் எனக்கு ரொம்பக் கோவம் வர்ற மேட்டர். 1991-ல கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை வந்தது. ஒவ்வொரு மாநிலமும் தன் கடற்கரையை வரைபடம் போட்டு, எங்கே கட்டலாம் எங்கே கூடாதுன்னு குறிக்கணும். தமிழ்நாட்டுக்கான திட்டத்துக்கு 1996-ல மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. அந்த வரைபடத்துல எண்ணூர்க் கழிமுகம் சுமார் 6,500 ஏக்கர் நீர்ப்பரப்பா, கை வைக்கக் கூடாத இடமா இருக்கு. ஆனா மாநில அரசு கையில இருந்த, 1997-ன்னு தேதி போட்ட இன்னொரு வரைபடத்துல அந்தக் கழிமுகம் பெரும்பகுதி காணோம்! ஆறு ஓடுது, படகு போகுது, இறால் துள்ளுது, ஆனா காகிதத்துல தண்ணி இல்லை. தகவல் உரிமைச் சட்டத்துல ஆவணங்களை வாங்கி, ரெண்டையும் பக்கத்துல வெச்சு மீனவர்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் 2017-ல அம்பலப்படுத்தினாங்க. அந்த வருஷ அக்டோபர்ல கமல்ஹாசன் நேர்ல வந்து பார்த்துட்டுப் போனார். வருஷ ஆரம்பத்துல டி.எம்.கிருஷ்ணா பாடின பொறம்போக்குப் பாட்டும் இங்கேதான் படமாச்சு.

பொட்டி தட்டுற மக்களுக்குப் புரியுற மாதிரி சொல்றேன். க்ளையண்ட் அப்ரூவ் பண்ணின வெர்ஷன் ஒண்ணு. ப்ரொடக்‌ஷன்ல ஓடிட்டு இருந்தது வேற ஒண்ணு. யாரு மாத்தினா, எப்போ மாத்தினான்னு கமிட் லாக் கிடையாது. நம்ம ஆபீஸ்ல இப்படி நடந்தா ரெண்டு பேருக்காவது வேலை போயிருக்கும்.

வரைபடத்துல தண்ணி இல்லைன்னு ஆனதும் தரையில என்ன ஆகும்? மின் நிலையத்துல இருந்து சாம்பல் குளத்துக்குச் சாம்பலைத் தண்ணியில கலந்து குழாய்ல அனுப்புவாங்க. குழாய் கழிமுகத்து மேலேயே போகுது. அங்கங்கே ஓட்டை. வருஷக்கணக்கா ஒழுகின சாம்பல் ஆத்து அடியில படிஞ்சு ஆழமே குறைஞ்சு போச்சு. செப்பாக்கம் கிராமத்துக்குப் பக்கத்துலயே சாம்பல் குளம். காத்தடிச்சா வீட்டுக்குள்ள சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் சாம்பல்.

2017 ஜனவரி 28 விடியக்காலையில துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். வாளியில எண்ணெய் அள்ளின படம் இந்தியா பூரா போச்சு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலியில இருந்து எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியா கழிமுகத்துக்கு வந்தது. கூழைக்கடாங்க உடம்பு பூரா எண்ணெயோட உட்கார்ந்திருந்தது. மறுபடி வாளி, மறுபடி குவளை. நடுவுல ஆறு வருஷம் ஓடிப்போச்சு, கருவி மட்டும் மாறலை. அதே மாசம் 26-ஆம் தேதி நடுராத்திரி, உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில போற குழாயில அமோனியா கசிஞ்சு பெரியகுப்பம், சின்னக்குப்பம் ஜனங்க குழந்தைங்களைத் தூக்கிட்டு ரோட்டுக்கு ஓடினாங்க. டிசம்பர் 26, சுனாமி நாள் வேற. கடலைப் பார்த்து ஓடினவங்க எத்தனை தடவைதான் ஓடுவாங்க?

இதெல்லாம் டி.வி.யில வந்தது. டி.வி.யில அவ்வளவா வராதது 'காக்கா ஆழி'. தென் அமெரிக்காவுல இருந்து வந்த ஒரு மட்டி. கப்பல்ங்க எடை சமன் பண்ண நிரப்பிட்டு வர்ற தண்ணியில ஒட்டிட்டு வந்திருக்கும்னு சொல்றாங்க. கம்பளம் விரிச்ச மாதிரி ஆத்து அடியை மூடிக்குது. இறால் புதைஞ்சுக்கச் சேறு கிடைக்காது, நம்ம ஊரு மட்டிக்கும் இடம் இல்லை. காட்டுக்குப்பத்துல ஒரு அண்ணன்கிட்ட பேசிட்டு இருந்தப்போ காலைத் தூக்கிக் காட்டினார், பாதம் பூரா கீறல். "இன்னா தம்பி சொல்றது... முன்னாடி ஆத்துல கால வெச்சா எறா துள்ளும். இப்ப கால வெச்சா ஆழி கிழிக்குது. எண்ணெய்னா அள்ளிப் போட்டுறலாம், சாம்பலுன்னா கேஸு போடலாம். இது மேல யாரு கைல போய் கேஸு போடுறது?"ன்னார். எனக்குப் பதில் தெரியலை. பேச்சை மாத்தி டீ சொன்னேன்.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,000 ஏக்கருக்கு மேல விரிவாக்குற திட்டம் ஒண்ணு இருக்கு. 2023 செப்டம்பர்ல வெச்சிருந்த பொது விசாரணையைத் தள்ளி வெச்சாங்க. எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவுல இருக்குற மணல் மேடு, உப்பங்கழி, கருங்காலி, காளாஞ்சி மாதிரி ஊருங்க எல்லாம் அந்தச் சுற்றுவட்டாரத்துலதான் வருது. அதனாலதான் ரெண்டையும் தனித்தனியா பார்க்கக் கூடாதுன்னு மேலே சொன்னேன்.

நேர்ல பார்க்கணும்னு நினைக்கிறவங்களுக்கு: சென்ட்ரல்ல கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறி எண்ணூர்ல இறங்கினா, அங்கிருந்து ஷேர் ஆட்டோவுல முகத்துவாரம் போயிடலாம். காலையில சீக்கிரம் போங்க, படகு கரைக்கு வர்ற நேரம். பழவேற்காட்டுக்குன்னா அதே ரயில்ல பொன்னேரி, அப்புறம் பஸ். பூநாரைக்கு டிசம்பர்ல இருந்து பிப்ரவரி நல்ல மாசம். பைனாகுலர் இருந்தா எடுத்துட்டுப் போங்க. சும்மா படகுல ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன்னு யாராவது கூப்பிட்டா வேண்டாம்னு சொல்லிடுங்க. 2011 கிறிஸ்துமஸ் அன்னிக்கு அங்கே படகு கவிழ்ந்து இருபது பேருக்கு மேல இறந்தாங்க.

தேனிக்காரரை வர்ற ஜனவரியில கூட்டிட்டுப் போறதா சொல்லியிருக்கேன். வேற யாராவது வர்றீங்களா? வண்டியில இன்னும் மூணு சீட்டு இருக்கு.